ஜூயோங்குவான் கணவாய்: மதில் ஏறும் முன் வாயிலைப் பாருங்கள்

கேள்வி இதுதான்: "பெய்ஜிங்கில் நான்கு நாள் இருப்போம். அப்பா, அம்மாவுக்கு 60 கடந்துவிட்டது. பாதாலிங்கில் கூட்டம் நெரியும் என்கிறார்கள். அதற்குப் பதில் ஜூயோங்குவான் போகலாமா? எப்படிப் போவது, எவ்வளவு ஏற வேண்டியிருக்கும்?"

போகலாம். உங்கள் குடும்பத்துக்கு அதுதான் பொருத்தம் என்றே சொல்வேன். இரண்டும் சீனப் பெருஞ்சுவரின் பகுதிகள்தான். பாதாலிங்கில் பார்க்க வேண்டியதெல்லாம் மேலே இருக்கிறது. ஜூயோங்குவானில் பாதிக்கு மேல் கீழே, சமதரையில் இருக்கிறது. மூட்டுவலிக்காரர் ஒருவர் ஒரு படிகூட ஏறாமல் அரை நாள் செலவிட்டுத் திருப்தியோடு திரும்பக்கூடிய பெருஞ்சுவர்ப் பகுதிகள் மிகக் குறைவு. இது அதில் ஒன்று. ஆனால் வருகிறவர்களில் பலர் சீட்டு வாங்கியதும் நேராகப் படியில் ஏறி, வியர்த்து இறங்கி, பேருந்துக்கு ஓடிவிடுகிறார்கள். கணவாயைப் பார்க்காமலே சுவரை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

பெயரில் உள்ள 'குவான்' என்பதற்கே கணவாய்க் கோட்டை என்றுதான் பொருள். பெய்ஜிங்கின் வடமேற்கில், நகர மையத்திலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டரில், மலைகளுக்கு நடுவே குவான்கோ என்ற பள்ளத்தாக்கு ஓடுகிறது. நீளம் 20 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. தெற்கு வாய் நான்கோ, வடக்கு முனை பாதாலிங், நடுவில் ஜூயோங்குவான். மங்கோலியப் பக்கத்திலிருந்து பெய்ஜிங் சமவெளிக்கு இறங்கப் படைகளுக்கும் வணிகர்களுக்கும் இதுவே நேர்வழி. இன்றும் கதை மாறவில்லை. பழைய ரயில்பாதையும் பெய்ஜிங்–திபெத் விரைவுச்சாலையும் இதே இடுக்கில்தான் நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன. மதில்மேல் நின்று கீழே லாரிச் சத்தம் கேட்கும்போது எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் கோட்டையை ஏன் இங்கே கட்டினார்கள் என்பதற்கு அந்தச் சத்தமே பதில்.

ஆகவே வாசலில் நின்றதும் முதலில் இடமும் வலமும் பாருங்கள். இருபுறமும் மலை செங்குத்தாக எழுகிறது. பள்ளத்தாக்கின் குறுக்கே கோட்டைவாயில். அதிலிருந்து மதில் இருபக்க மலைகள் மீதும் ஏறி, முகட்டைச் சுற்றி, மறுபடி கீழிறங்கிச் சேர்கிறது. நீண்டு போகும் சுவர் அல்ல இது. கணவாயை வளைத்துப் பூட்டிய ஒரு வளையம். புதுப்பித்த வளையத்தின் மொத்த நீளம் 4 கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஆறு உள்ளே நுழையும் இடத்தில் மதிலுக்கு அடியில் நீர்வாயில் வைத்திருக்கிறார்கள். பூட்டிய வீட்டில் சாக்கடைத் துவாரம் வழியாகத் திருடன் நுழைவதுபோல, மலைக்கோட்டைக்கு ஆற்றுப் படுகைதான் பலவீனமான இடம். அந்த வளைவுகளைக் கவனித்துப் பாருங்கள்.

தெற்கு, வடக்கு வாயில்களுக்கு முன்னால் ஒரு சிறிய அடைப்பு முற்றம் உண்டு. சீனத்தில் 'வெங்செங்', 'வெங்' என்றால் பானை. வெளிக்கதவை உடைத்து நுழைந்த எதிரி உள்கதவுக்கு முன்னால் இந்த முற்றத்தில் மாட்டிக்கொள்வான்; நாலு பக்கச் சுவர்மேலும் நிற்பவர்கள் மேலிருந்து அடிப்பார்கள். பானைக்குள் விழுந்த எலி கதைதான். நடுவில் நின்று ஒருமுறை சுற்றிலும் மேலே பார்த்தால் போதும், விளக்கம் தேவைப்படாது.

இவ்வளவு செய்தும் கோட்டை விழாமல் இல்லை, விழுந்த விதம்தான் கவனிக்க வேண்டியது. 1213இல், அப்போது வடசீனத்தை ஆண்ட ஜின் அரசு வாயில் கதவை இரும்பு உருக்கி ஊற்றி அடைத்துவிட்டு உட்கார்ந்திருந்தது. செங்கிஸ் கான் ஒரு பகுதிப் படையை முன்னால் நிறுத்திவிட்டு, தென்மேற்கே ஸிஜிங்குவான் கணவாய் வழியாகச் சுற்றி இறங்கினார். ஜூயோங்குவானை மங்கோலியர் பின்பக்கமிருந்து பிடித்தார்கள். 1449இல் மிங் பேரரசரையே சிறைபிடித்த மங்கோலியத் தலைவர் எசென், பெய்ஜிங்கை நோக்கி வந்ததும் அதே ஸிஜிங்குவான் வழிதான். ஜூயோங்குவானைத் தாக்கிய படைக்கு இங்கே வேலை நடக்கவில்லை. கடுங்குளிர். கோட்டையைக் காத்த லுவோ தோங் மதில்மேல் தண்ணீர் ஊற்றச் சொன்னார். அது உறைந்து கண்ணாடியாகிவிட, ஏற முடியாமல் ஏழாம் நாள் திரும்பிப் போனார்கள். 1644இல் லீ ஸிசெங்கின் கலகப் படை வந்தபோது கோட்டைத் தளபதி சரணடைந்து கதவைத் திறந்துவிட்டார். சில நாட்களில் பெய்ஜிங் விழுந்தது. ஆக, நேருக்கு நேர் மோதி உடைத்தவர்கள் அரிது. சுற்றிப் போனார்கள், அல்லது உள்ளிருந்து திறந்துவிட்டார்கள்.

ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். நீங்கள் நடக்கப்போகும் மதிலில் பெரும்பகுதி 1990களில் புதுப்பித்துக் கட்டியது. இப்போதைய அமைப்பிலான கோட்டை 1368இல் மிங் தளபதி ஷூ தா காலத்தில் எழுந்தது, பிறகு பலமுறை திருத்தப்பட்டது. ஆனால் 20ஆம் நூற்றாண்டில் பெருமளவு இடிந்து கிடந்தது. கோபுரங்களின் பளிச்சென்ற வண்ணப்பூச்சைப் பார்த்து "600 வருஷம் ஆகியும் எப்படி இருக்கு பார்" என்று வியக்க வேண்டாம். இடிந்த, கைபடாத சுவர்தான் வேண்டும் என்பவர்களுக்கு இது ஏமாற்றம் தரும். அவர்கள் பெருஞ்சுவரின் ஜின்ஷான்லிங் பகுதிக்குப் போகட்டும்.

உண்மையிலேயே பழையது, கோட்டைக்குள் நடுநாயகமாக நிற்கும் வெள்ளைப் பளிங்குக்கல் மேடை. பெயர் யுன்தாய், 'மேக மேடை'. 1342 முதல் 1345 வரை, மங்கோலியரின் யுவான் ஆட்சியின் கடைசிக் காலத்தில் கட்டியது. உயரம் 9.5 மீட்டர், அடிப்பகுதி அகலம் 27 மீட்டர் அளவுக்கு. மேலே முதலில் மூன்று வெள்ளைத் தூபிகள் இருந்தன, அவை அழிந்தன. அதே இடத்தில் மிங் காலத்தில் எழுந்த கோயிலும் 1702இல் எரிந்துபோனது. எஞ்சியது அடிமேடை மட்டும். நடுவே ஊடுருவிப் போகும் வழி 6 மீட்டருக்குச் சற்று அதிக அகலம், 7 மீட்டருக்குச் சற்று அதிக உயரம். பெருவழிப் போக்குவரத்து நூற்றாண்டுகளாக இதற்குள்தான் போனது. தரைக்கற்களில் வண்டிச் சக்கரங்கள் அரைத்த பள்ளங்களைக் குனிந்து பாருங்கள். கணவாய் என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல சான்று அங்கே வேறில்லை.

நம் கண்ணுக்கு இந்த மேடை அந்நியமாகத் தெரியாது. நுழைவு வளைவின் உச்சியில் கருடன், இருபுறமும் நாகர்கள், கீழே மகரம், யானை, சிங்கம். மகர தோரணம் பார்த்துப் பழகியவர்களுக்குச் சட்டென்று பிடிபடும். இவை திபெத்திய பௌத்தம் வழியாக இந்தியாவிலிருந்து போனவை. உள்ளே நுழைந்தால் நான்கு மூலையிலும் நான்கு திசைக் காவலர்கள், ஆளைவிடப் பெரிதாக, பல கற்களை இணைத்துச் செதுக்கியவை. வீணைபோன்ற இசைக்கருவி வைத்திருப்பவர் கிழக்குக்குரிய திருதராஷ்டிரர், வாள் வைத்திருப்பவர் தெற்குக்குரிய விரூடகர், பாம்பு பிடித்தவர் மேற்கின் விரூபாட்சர், குடை வைத்திருப்பவர் வடக்கின் வைஸ்ரவணர். கடைசியில் சொன்னவர் வேறு யாருமில்லை, நம் குபேரன்தான். காலடியில் நசுங்கிக் கிடக்கும் பூதங்களின் முகபாவத்தையும் விட்டுவிடாதீர்கள். அண்ணாந்து பார்த்தால் உச்சியில் ஐந்து மண்டலங்கள், அதாவது தெய்வ உருவங்கள் நிறைந்த பௌத்த வட்டச் சித்திரங்கள்.

காவலர்களுக்கு நடுவே உள்ள சுவரில்தான் பொக்கிஷம். ஒரே தாரணி மந்திரம் ஆறு எழுத்துகளில். மேலே கிடைமட்டமாக ஓடுவது சமஸ்கிருதத்துக்கான ரஞ்சனா எழுத்தும் திபெத்திய எழுத்தும். கீழே செங்குத்தாக இறங்குபவை குப்லாய் கான் உருவாக்கச் சொன்ன பக்பா எழுத்து, உய்குர், சீனம், வடமேற்குச் சீனத்தில் ஒரு காலத்தில் அரசாண்ட டாங்குட் மக்களின் எழுத்து. அடையாளம் காண ஒரு வழி: பக்பா கட்டம் கட்டமாக முத்திரை குத்தியதுபோல இருக்கும், உய்குர் நூல் பிரிந்து தொங்குவதுபோல இருக்கும், டாங்குட் சீனம்போலவே தெரியும், ஆனால் ஒவ்வொரு எழுத்திலும் கோடுகள் இன்னும் நெருக்கம். இந்த டாங்குட்டை 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய அறிஞர்கள் முதலில், ஜின் அரசை நிறுவிய ஜுர்சென் மக்களின் எழுத்து என்றே நினைத்தார்கள். பிறகுதான் தவறு தெரிந்தது. பல மொழி பேசும் சாலை அது. இதே யுவான் ஆட்சியில், தெற்கே சுவான்சோ துறைமுகத்தில் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்றும் உண்டு. அதை நினைத்துக்கொண்டு ஆறு எழுத்துச் சுவரைப் பார்த்தால், ஏழாவதாக நம் எழுத்து ஏன் இல்லை என்று ஒரு சின்னக் குறை தோன்றும். நம்மவர்கள் வந்தது கடல்வழி, இது மலைவழி. இந்த மேடைக்கு மட்டும் முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள். கையால் தடவ வேண்டாம், பிளாஷ் வேண்டாம். உள்ளே வெளிச்சம் குறைவு; 8 மடங்கு பெரிதாக்கும் சிறிய பைனாகுலர் இருந்தால் எழுத்துகள் நன்றாகத் தெரியும்.

போகும் வழிக்கு வருகிறேன். அதிகம் தவறு நடப்பது இங்கேதான்.

பாதாலிங்குக்கு அதிவேக ரயில் இருக்கிறது. நிலையம் தரைக்கு அடியில் 100 மீட்டருக்கு மேல் ஆழத்தில். அது ஜூயோங்குவானில் நிற்காது. பழைய பாதையில் ஹுவாங்துதியன் நிலையத்திலிருந்து போகும் எஸ்2 ரயிலும் அப்படித்தான்: கோட்டை பக்கத்தில் போகும், நிற்காது. தஷெங்மன்னிலிருந்து புறப்படும் 877 பேருந்து பாதாலிங்குக்கு நேராகப் போவது. "பாதாலிங்கில் இறங்கி நடந்துவிடலாம்" என்று எண்ண வேண்டாம். நடுவில் பல கிலோமீட்டர் மலைச்சாலை.

பொதுப் போக்குவரத்து என்றால் மெட்ரோவின் சாங்பிங் தடத்தில் ஷாஹ நிலையம். அங்கிருந்து 'சாங் 68' பேருந்து. மொத்தம் இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பேருந்து அடிக்கடி வராது. தடமும் நேரமும் மாறக்கூடும். புறப்படும் காலை வரைபடச் செயலியில் பார்த்துவிடுங்கள். கூகுள் மேப்ஸ் அங்கே உதவாது: விபிஎன் இல்லாமல் திறக்காது, திறந்தாலும், சீன வரைபடங்கள் வேறு ஆயத்தொலைவு முறையைப் பயன்படுத்துவதால் இடம் சில நூறு மீட்டர் தள்ளிக் காட்டும். ஆமேப் என்ற சீன வரைபடச் செயலியை வைத்துக்கொள்ளுங்கள். இறங்கும் நிறுத்தத்தின் பெயரையும் கோட்டையின் பெயரையும் சீன எழுத்தில் படம் பிடித்து வையுங்கள். 'ஜூயோங்குவான்' என்று நாம் உச்சரிப்பது ஓட்டுநருக்குப் புரியும் என்று நம்பி ஏற வேண்டாம்.

பெற்றோருடன் போவதால் காரே மேல். நகரிலிருந்து ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம். போக டாக்சி எளிதாகக் கிடைக்கும், திரும்பத்தான் கிடைக்காது. பிற்பகல் நாலு மணிக்கு வாசலில் நின்று செயலியில் வண்டி தேடினால் நெடுநேரம் காத்திருக்க நேரிடும். ஆகவே போகவர, காத்திருப்பு உட்பட, முதலிலேயே பேசி முடியுங்கள். சீட்டுக் கட்டணம், சுங்கம், நிறுத்தக் கட்டணம் யார் பொறுப்பு என்பதையும் சேர்த்துத்தான்.

மலிவான ஒருநாள் சுற்றுலாக்களில் ஒரு பழைய தந்திரம் உண்டு. "பெருஞ்சுவர்" என்று மட்டும் அச்சிட்டிருப்பார்கள். எந்தப் பகுதி என்று இருக்காது. பாதாலிங்குக்கும் ஜூயோங்குவானுக்கும் நடுவில் ஷுய்குவான் என்ற சிறிய பகுதி இருக்கிறது. அங்கே ஒரு மணி நேரம் இறக்கிவிட்டு, மீதி நேரத்தை ஜேட் கல் கடையிலும் தேநீர்க் கடையிலும் கழித்துவிடுவார்கள். சீனப் பெயரை எழுதிக் காட்டி, "கடைக்குப் போகும் நிறுத்தம் உண்டா" என்று கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.

நுழைவுக் கட்டணம் பல ஆண்டுகளாக ஏப்ரல்–அக்டோபரில் 40 யுவான், மற்ற மாதங்களில் 35 யுவான் என்ற அளவில் இருந்து வருகிறது. கோட்டை, யுன்தாய், உள்ளே உள்ள கோயில்கள் எல்லாம் அதில் அடங்கும். சீட்டுக்குப் பாஸ்போர்ட் கேட்பார்கள். நகல் அல்ல, அசல். முதியோர் சலுகை உண்டா என்று அதைக் காட்டியே கேளுங்கள். பணத்துக்கு அலிபே அல்லது வீசாட் செயலியில் உங்கள் அட்டையை ஊரிலேயே இணைத்துச் சரிபார்த்து விடுங்கள். அங்கே போய் ஓடிபி வராமல் தவிப்பதுதான் வழக்கமான கோளாறு. 200 யுவான் சில்லறை நோட்டாகவும் இருக்கட்டும். இந்தியா, இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு முன்கூட்டியே விசா வேண்டும். வேறு நாட்டுக்குப் போகும் வழியில் தங்குவோருக்கான 240 மணி நேர விசா விலக்கு இந்த இரு நாடுகளுக்கும் கிடையாது. சிங்கப்பூர், மலேசியப் பாஸ்போர்ட்காரர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் போகலாம்.

இனி ஏற்றம். ரோப்கார் கிடையாது, ஏறினால் காலால்தான் இறங்க வேண்டும். கிழக்கு மலை, மேற்கு மலை இரண்டிலும் மதில் செங்குத்தாகவே ஏறுகிறது. சிரமம் உயரத்தில் இல்லை, படியில் இருக்கிறது. ஒரு படி சாண் உயரம், அடுத்தது முழங்கால் உயரம், அதற்கடுத்தது இரண்டுக்கும் நடுவில். சீரான படியில் கால் தானாகப் பழகிவிடும். இங்கே ஒவ்வொரு அடிக்கும் கண்ணால் பார்த்து வைக்க வேண்டும். அதனால்தான் சீக்கிரம் களைப்பு. மூச்சு வாங்குவது ஏறும்போது. முட்டி போவது இறங்கும்போது. தேய்ந்த கல் வழவழப்பாக இருக்கும், கைப்பிடி எல்லா இடத்திலும் இருக்காது. பக்கவாட்டாக, உடம்பைச் சற்றுத் திருப்பி, ஒரு காலை வைத்து மறு காலைச் சேர்த்து இறங்குங்கள். படியில் இறங்கிக்கொண்டே படம் எடுப்பதுதான் வழுக்கி விழ நேர்வழி. செருப்பு, அடி தேய்ந்த ஸ்போர்ட்ஸ் ஷூ இரண்டும் ஆகாது.

எந்தப் பக்கம் ஏறுவது என்பதை வெயிலை வைத்து முடிவு செய்யுங்கள். காலையில் கிழக்கு மலையின் உட்சரிவு நிழலில் இருக்கும், மேற்கு மலை வெளிச்சத்தில் இருக்கும். கோடையில் காலை கிழக்குப் பக்கம் ஏறினால் தலை காயாது; எதிரே வெயில் பட்ட மேற்கு மதில் படத்துக்கும் அருமையாக வரும். குளிர்காலத்தில் தலைகீழ்: வெயில் பட்டுப் பனி இளகிய மேற்குப் பக்கமே பாதுகாப்பு. பெற்றோர் முதல் காவற்கோபுரம் வரை வந்தால் போதும். அங்கிருந்தே கோட்டை முழுவதும், வளையமாக மதில் மூடுவதும் தெரியும். நீங்கள் முழுச் சுற்று நடப்பதானால் ஓய்வு உட்பட மூன்று மணி நேரம். ஆனால் சில பகுதிகளைப் பழுது, பனி, மழை காரணமாக மூடிவிடுவதுண்டு. சுற்றி வர முடியுமா என்று சீட்டு வாங்கும்போதே கேளுங்கள். இல்லாவிட்டால் முக்கால்வாசி போய், மூடிய கம்பிக்கதவைப் பார்த்துவிட்டு வந்த படி அத்தனையும் திரும்ப இறங்க நேரும்.

மேலே போகும்போது மதில் உச்சியில் பல்போல எழும் ஞாயில்களின் இடைவெளியில் நின்று வடக்கே பாருங்கள், எதிரி வரும் திசை அது. கீழே தெரியும் பழைய ரயில்பாதை 1909இல் முடிந்தது. வெளிநாட்டுப் பொறியாளர் இல்லாமல் சீனர்களே வடிவமைத்த முதல் முக்கிய ரயில்பாதை, தலைமைப் பொறியாளர் ஜான் தியன்யோ. ஏற்றம் தாங்காமல் சற்று வடக்கே ஓரிடத்தில் ரயிலை முன்னும் பின்னுமாக ஓட்டி ஏற்றும் வழியைக் கையாண்டார்.

பருவம். மார்ச் கடைசி முதல் ஏப்ரல் நடுவரை மலைச்சரிவில் காட்டுப் பீச், ஆப்ரிகாட் பூத்திருக்கும். பூக்களுக்கு நடுவே ரயில் போகும் அந்தப் புகழ்பெற்ற படம் இங்கே எடுப்பதுதான். அந்த வாரங்களில் கூட்டமும் அதிகம். அக்டோபர் இரண்டாம் பாதி எல்லா வகையிலும் சிறந்தது. அக்டோபர் 1–7, மே தின விடுமுறை இரண்டையும் அறவே தவிருங்கள், விரைவுச்சாலையே நின்றுவிடும். ஜூலை, ஆகஸ்டில் மழை அபாயம் உண்மையானது: 2023 ஜூலை இறுதியில் இதே சாங்பிங் மாவட்டத்தின் வாங்ஜியாயுவான் நீர்த்தேக்கத்தில் அந்த ஒரு மழையில் 744.8 மில்லிமீட்டர் பதிவானது. மழை எச்சரிக்கை வந்தால் மலைச் சுற்றுலா இடங்களை மூடிவிடுவார்கள்; அந்த நாளை நகரின் பேரரசர் அரண்மனைக்கு மாற்றிக்கொள்ளும்படி திட்டத்தை வையுங்கள். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே. அதைவிடக் காற்று பொல்லாதது. பள்ளத்தாக்கு புனல்போல இருப்பதால் வடக்கிலிருந்து வரும் காற்று இங்கே வேகமெடுக்கிறது. தடித்த ஒரு கோட்டைவிட, காற்றுப் புகாத மேலாடையும் உள்ளே இரண்டு மெல்லிய அடுக்கும் நல்லது. ஏறும்போது வியர்க்கும், கோபுரத்தில் நின்றதும் குளிரும்.

சாப்பாடு கையோடு எடுத்துப் போங்கள். சைவம் என்றால் கட்டாயம்: காய்கறி நூடுல்ஸ் என்று வாங்கினாலும் சாறு இறைச்சியில் கொதித்ததாக இருக்கும். "வோ ச்சி சூ" என்றால் "நான் சைவம்" என்று பொருள். அதோடு "இறைச்சிச் சாறும் வேண்டாம்" என்று மொழிபெயர்ப்புச் செயலியில் எழுதிக் காட்டுங்கள். தண்ணீர் ஆளுக்கு ஒரு லிட்டர், கோடையில் இரண்டு. கழிப்பறைக்கு ஏறும் முன்பே, கீழேயே போய்விடுங்கள். டிஷ்யூ காகிதம் உங்கள் பையில் இருக்கட்டும்.

அன்றைக்கே பாதாலிங்கையும் சேர்க்க வேண்டாம். ஒரே சரக்கை இருமுறை பார்ப்பதாகும். அதே சாங்பிங் மாவட்டத்தில் மிங் பேரரசர்களின் கல்லறைகள் இருக்கின்றன. கார் இருந்தால் அதுதான் சரியான ஜோடி. காலை 7 மணிக்கு விடுதியிலிருந்து கிளம்பி 8.30க்குக் கோட்டை வாசல். 10 மணி வரை எல்லோருமாக அடைப்பு முற்றம், யுன்தாய், நீர்வாயில். பிறகு நீங்கள் ஒரு பக்கம் மட்டும் ஏறுங்கள். பெற்றோர் அதற்குள் உள்ளே இருக்கும் போர்த் தெய்வமான குவான்தியின் கோயில், குதிரைத் தெய்வக் கோயில் இரண்டையும் பார்த்துவிட்டு நிழலில் உட்காரலாம். சந்திக்கும் இடத்தை யுன்தாய்க்குத் தெற்குப் பக்கம் என்று பேசிவையுங்கள். "வாசலில்" என்று சொன்னால் குழப்பம்தான். வாசல் தெற்கே ஒன்று, வடக்கே ஒன்று.